வால்வு ஸ்கேலரில் 1, 2, 4, 2 என்று நான்கு நியான்: 7க்குப் பிறகு மறுபடி 6 வருவது ஏன்?

ஆய்வக_உதவி எழுதியது:

வணக்கம். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் பழைய சாமான்களை எடைக்குப் போட ஒதுக்கியபோது அடியில் ஒரு வால்வு ஸ்கேலர் (மின் துடிப்புகளை, அதாவது பல்ஸ்களை, வெற்றிடக் குழல்களால் எண்ணும் பெட்டி) கிடந்தது. ஒரு காலத்தில் கதிர்வீச்சைக் கண்டறியும் கைகர் குழாயோடு சேர்த்து ஓட்டியதாகச் சொன்னார்கள். துறைத் தலைவரிடம் கேட்டு அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். சர்க்யூட் படம் எதுவும் இல்லை.

முன்பக்கம் மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் நான்கு சின்ன நியான் விளக்குகள், அவற்றின் கீழே 1, 2, 4, 2 என்று பொறித்திருக்கிறது. ஓரத்தில் காந்தத்தில் நகரும் எந்திர எண்ணி. உள்ளே வரிசைக்கு நான்கு 12ஏயூ7 வால்வுகள். மெயின்ஸை நேரடியாகக் கொடுக்காமல் 60 வாட் பல்பை சீரிஸில் போட்டு மெதுவாக ஏற்றினேன். எச்.டி. (வால்வுகளுக்கான உயர் மின்னழுத்தம்) 150 வோல்ட்டில் நிற்கிறது, ஹீட்டர் எல்லாம் சிவக்கின்றன.

கேட்க வேண்டியவை: கடைசி விளக்கு 8 ஆக இல்லாமல் ஏன் 2? முதல் வரிசை 0 முதல் 7 வரை சரியாக எண்ணுகிறது. அப்புறம் மறுபடி 6, 7 வந்து, பிறகு 8, 9, 0 என்று போகிறது. மற்ற இரண்டு வரிசைகள் ஒழுங்காக 9 வரை போய் 0க்கு வருகின்றன. இன்னொன்று, அடிப்படையான கேள்வி: விளக்குக்கு எண்ணிக்கை எப்படித் தெரிகிறது?

இன்புட்டில் ஒரு அழுத்து சுவிட்சை வைத்துத்தான் பல்ஸ் கொடுத்தேன். சில சமயம் ஒரு அழுத்தலுக்கு மூன்று நான்கு எண்ணிவிடுகிறது.

---

பழைய_வால்வு எழுதியது:

தம்பி, சீரிஸ் பல்பு போட்டு ஏற்றியது நல்ல காரியம். பத்து முப்பது வருஷம் தூங்கிய எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குத் திடீரென்று முழு வோல்ட்டேஜ் காட்டக்கூடாது. அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். ஒரு ரெசிஸ்டரை வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.

சுவிட்சை எடுத்துவிடுங்கள். உலோகத் தகடு அழுத்தும்போது அதிர்ந்து பலமுறை தொட்டுத் தொட்டு விலகும், வால்வு அத்தனையையும் எண்ணும். அதற்குப் பதிலாக ஒரு நியானையே பல்ஸ் கொடுக்க வைக்கலாம். 150 வோல்ட்டிலிருந்து 10 மெகோம், அதன் கீழே 0.47 மைக்ரோ ஃபாரட் நல்ல பாலியஸ்டர் கண்டன்சர், கண்டன்சருக்குக் குறுக்கே நியான். கண்டன்சர் மெல்ல நிரம்பி 80 வோல்ட் அருகே வரும்போது நியான் பற்றும், 60 வரை இறக்கிவிட்டு அணையும், மறுபடி நிரம்பும். ஏறக்குறைய வினாடிக்கு ஒன்று. இறங்கும் அந்த 20 வோல்ட் சட்டென்று விழுவதால் ஸ்கேலருக்கு வேண்டிய எதிர்மறைப் பல்ஸும் அதுவே.

அடிப்படைக்கு வருகிறேன். ஒரு 12ஏயூ7 குப்பிக்குள் இரண்டு டிரையோடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எலக்ட்ரான்களைக் கக்கும் கேத்தோடு, அவற்றை வாங்கும் பிளேட், நடுவில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட். இடப்பக்கத்தின் பிளேட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வலப்பக்கத்தின் கிரிட்டுக்குப் போகும், வலப்பக்கப் பிளேட்டிலிருந்து இன்னொன்று இடப்பக்கக் கிரிட்டுக்கு. இடது ஓடினால், அதாவது அதில் மின்னோட்டம் பாய்ந்தால், அதன் பிளேட் வோல்ட்டேஜ் கீழே இறங்கும். அதனால் வலது கிரிட் கீழே அமுங்கி, வலது ஓடாது. வலது ஓடாததால் அதன் பிளேட் மேலே நின்று, இடது கிரிட்டைத் தூக்கிப் பிடித்து, இடதை ஓடவைக்கும். ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு அப்படியே நிற்கும். யாராவது தட்டும்வரை மாறாது. பிரிட்டனில் எக்கிள்ஸும் ஜோர்டானும் 1918இல் காப்புரிமை கேட்டது இதற்குத்தான். எண்ணுவதற்கு இதைப் பயன்படுத்தியது பிற்பாடுதான்.

தட்டுவது எப்படி? இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் ஓர் எதிர்மறைப் பல்ஸ். ஓடாத பக்கம் ஏற்கெனவே அமுங்கிக் கிடப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஓடுகிற பக்கம் நின்றுபோகும். அதன் பிளேட் எழும், எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கும், நிலைமை தலைகீழ். குறுக்கே போகிற ரெசிஸ்டர்கள் மேல் சிறிய கண்டன்சர்கள் இருக்கும் பாருங்கள், 50 பிகோ ஃபாரட் மாதிரி. பல்ஸ் அடிக்கும் நொடியில் இரண்டு பக்கமும் நின்றுவிட்டாலும், முன்பு எது ஓடியது என்பதை அவைதான் நினைவில் வைத்து, மாற வேண்டிய திசைக்குத் தள்ளிவிடும். அவற்றின் மதிப்பை மாற்றிப் போட்டால் சர்க்யூட் தடுமாறும்.

இரண்டு பல்ஸுக்கு ஒருமுறை ஒரு பிளேட் மேலிருந்து கீழே விழும். அந்த விழுகை அடுத்த குப்பிக்கு ஒரு பல்ஸ். எழுவதை அடுத்தது கண்டுகொள்ளாது. இப்படி நான்கைத் தொடுத்தால் 16க்கு ஒன்று வெளியே வரும்.

---

ஈசிசி82 எழுதியது:

1, 2, 4, 2க்கு நான் பதில் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த இடம்.

நான்கு குப்பி 16 வரை எண்ணும். நமக்கு வேண்டியது 10. அப்படியானால் எங்காவது ஆறு படியைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அதை இப்படிச் செய்வார்கள்: எட்டாவது பல்ஸில் முதல் மூன்றும் அணைந்து நான்காவது எரியும். நான்காவது எரிகிற அந்தக் கணத்தில் அதன் பிளேட் கீழே விழுகிறது அல்லவா, அந்த விழுகையைச் சின்னக் கண்டன்சர்கள் வழியாகத் திருப்பி இரண்டாவது குப்பிக்கும் மூன்றாவது குப்பிக்கும் அனுப்புவார்கள். அவை இரண்டும் எரிந்துவிடும். 2ம் 4ம் சேர்ந்து 6. உள்ளே எண்ணிக்கை 8லிருந்து 14க்குத் தாவிவிட்டது. ஒன்பதாவது பல்ஸில் 15. பத்தாவதில் எல்லாம் சரிந்து 0 ஆகி, அடுத்த வரிசைக்கு ஒன்று போகும்.

ஆனால் பார்க்கிறவருக்கு எட்டாவது பல்ஸில் என்ன தெரிகிறது? 2, 4, கடைசி விளக்கு ஆகிய மூன்றும் எரிகின்றன. கடைசிக்கு 8 என்று பெயர் வைத்திருந்தால் கூட்டுத்தொகை 14 வரும். 2 என்று பெயர் வைத்தால் 2 + 4 + 2 = 8. ஒன்பதில் 1 + 2 + 4 + 2 = 9. சர்க்யூட்டில் எதையும் மாற்றாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக் கணக்கை நேராக்கிவிட்டார்கள். எரிகிற எண்களைக் கூட்டினால் போதும்.

இப்போது உங்கள் பழுது. 7க்கு அப்புறம் 6, 7, 8, 9, 0 என்றால் மொத்தம் பன்னிரண்டு பல்ஸுக்கு ஒரு சுற்று, சரிதானா? 16லிருந்து 4 மட்டும் கழிந்திருக்கிறது. மூன்றாவது குப்பிக்குப் போகிற திருப்பல் போய்ச் சேருகிறது, இரண்டாவதற்குப் போவது சேரவில்லை. எட்டாவது பல்ஸில் 4ம் கடைசி 2ம் மட்டும் எரியும், அதனால் 6 என்று தெரியும். விளக்கையே பார்த்துச் சொல்லிவிடலாம், ஆஸிலோஸ்கோப் வேண்டாம்.

---

ஆய்வக_உதவி எழுதியது:

அப்படியேதான். எட்டாவது பல்ஸில் 4ம் கடைசி 2ம் மட்டும் எரிகின்றன. நியான் பல்ஸும் கட்டிவிட்டேன், ஒரு துடிப்புக்கு ஒன்றுதான் எண்ணுகிறது.

பிளேட்டுகளை மீட்டரில் பார்த்தேன். ஓடுகிற பக்கம் 55 வோல்ட், ஓடாத பக்கம் 140. விளக்கின் ஒரு கால் எச்.டி.க்கும் மறு கால் 220 கிலோ ஓம் வழியாகப் பிளேட்டுக்கும் போகிறது. நாளை மாலை அந்தக் கண்டன்சரைத் தேடுகிறேன்.

---

பழைய_வால்வு எழுதியது:

நீங்களே அளந்துவிட்டீர்கள், உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது.

பிளேட் ரெசிஸ்டருக்குக் குறுக்கேதான் விளக்கு தொங்குகிறது. அந்தப் பக்கம் ஓடும்போது விளக்குக்கு 150 கழித்தல் 55, அதாவது 95 வோல்ட். ஓடாதபோது 10 வோல்ட். நியானுக்கு ஒரு வாசற்படி உண்டு. விளக்குக்கு விளக்கு மாறினாலும் 65க்கும் 90க்கும் நடுவே எங்கோ பற்றிக்கொள்ளும், பற்றிய பிறகு 55, 60 இருந்தால் அணையாது. 95 அந்தப் படிக்கு மேலே, 10 அதற்கு வெகு கீழே. நடுவில் அரைகுறை வெளிச்சம் என்று ஒன்று கிடையாது. ஓம் கணக்குப் போட்டுப் பாருங்கள், 95இல் நியானின் 58ஐக் கழித்து 220 கிலோ ஓமால் வகுத்தால் 0.17 மில்லி ஆம்பியர்தான். வால்வு வழியே நான்கைந்து மில்லி ஆம்பியர் ஓடும்போது இந்தச் சொட்டு அதற்கு உறைக்கவே உறைக்காது. எண்ணுகிற வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிற விளக்கு இது.

கிட்டப் போய் உற்றுப் பாருங்கள். நியானுக்குள் இரண்டு கம்பி இருக்கும், ஆனால் ஆரஞ்சுத் தோல் ஒன்றின் மேல் மட்டும் போர்த்தியிருக்கும். எதிர்மறைக் கம்பி அதுதான். உங்கள் பெட்டியில் பிளேட் பக்கம் போகிற கம்பி ஒளிரும். விளக்கைக் கழற்றித் திருப்பிப் போட்டால் ஒளிர்வு மற்ற கம்பிக்கு மாறியிருக்கும். மீட்டர் இல்லாத இடத்தில் இதை வைத்தே நான் துருவம் பார்த்திருக்கிறேன்.

---

மின்னல்_கோவை எழுதியது:

சார், ஒரு சந்தேகங்க. நியான் எல்லாம் இப்ப தேடி அலையணும். அதுக்குப் பதிலா எல்இடி போட்டுடலாமுங்களா? என்கிட்ட ஆம்ப்ளிஃபயருக்கு வாங்குன 12ஏயூ7 புதுசா நாலு இருக்குதுங்க, அதையும் இதுல போடலாமா?

---

பழைய_வால்வு எழுதியது:

எல்இடிக்கு வாசற்படி 2 வோல்ட்டில் இருக்கிறது. 10 வோல்ட் மிச்சம் நிற்கிற "அணைந்த" பக்கத்திலும் அது மங்கலாக எரியும். நன்றாக எரிய மில்லி ஆம்பியர் கணக்கில் கேட்கும், அதைப் பிளேட்டிலிருந்து எடுத்தால் குப்பியின் சமநிலை கெடும். தனியாக டிரான்சிஸ்டர் வைத்து ஓட்டலாம்தான். ஆனால் சின்ன நியான் அப்படியொன்றும் கிடைக்காத பொருள் இல்லை. டெஸ்டர் ஸ்குரூடிரைவருக்குள் இருப்பதும் நியான்தான். சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயம். பெட்டியை மூடி இருட்டில் வைத்தால் சில நியான்கள் பற்றத் தயங்கும். வெளிச்சம் பட்டால்தான் உள்ளே முதல் எலக்ட்ரான்கள் சில கிளம்பும். அதற்காகவே சில வகைகளில் கதிரியக்கக் கிரிப்டான் துளியளவு சேர்ப்பார்கள். பகலில் சரியாக எண்ணி இரவில் ஒரு விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தால், வால்வைச் சந்தேகிக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

12ஏயூ7 போடலாம், ஓடும். ஆனால் எண்ணுகிற வேலைக்கு என்றே 5963 மாதிரி தனி வால்வு வகைகள் ஏன் வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். பாட்டுப் பெட்டியில் வால்வு எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். எண்ணியில் ஒரு பக்கம் ஹீட்டர் சூட்டோடு, மின்னோட்டமே இல்லாமல், நாள்கணக்கில் சும்மா நிற்கும். அப்படி நின்றால் கேத்தோடின் நிக்கலுக்கும் மேற்பூச்சுக்கும் இடையே ஒரு தடுப்புப் படலம் வளரும். நிக்கலில் கலந்திருக்கிற சிலிக்கான்தான் காரணம். பிறகு அந்தப் பக்கத்தை ஓடச் சொன்னால் எழுந்திருக்க மறுக்கும். எம்ஐடியில் வேர்ல்விண்ட் கணினி கட்டியவர்கள் இதில் மாட்டி, சிலிக்கான் குறைந்த கேத்தோடு கேட்டு வாங்கினார்கள். வால்வின் தூக்க வியாதி என்று இதைச் சொல்வார்கள். சும்மா இருப்பதால் வருகிற வியாதி.

---

காவிரிக்கரை எழுதியது:

"ஸ்கேலர்" என்ற பெயர் எங்கிருந்து வந்தது? நான் படித்த காலத்தில் யாரும் சொல்லவில்லை.

---

ஈசிசி82 எழுதியது:

கைகர் குழாயிலிருந்து பல்ஸ் முன்னறிவிப்பில்லாமல் வரும். இரண்டு ஒட்டி ஒட்டி வந்துவிட்டால் எந்திர எண்ணியின் ஆர்மேச்சர் நகர்ந்து முடிவதற்குள் இரண்டாவது தொலைந்துபோகும். கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆல்ஃபா துகள்களை எண்ணியவர்களுக்கு இதே தலைவலி. அங்கே வின் வில்லியம்ஸ் 1932இல் வாயு நிரப்பிய தைரட்ரான் வால்வுகளை இரண்டிரண்டாகத் தொடுத்து, ஒவ்வொரு ஜோடியும் எண்ணிக்கையைப் பாதியாக்குகிற மாதிரி அமைத்தார். எந்திர எண்ணிக்கு எட்டில் ஒன்றோ பதினாறில் ஒன்றோ போனால் போதும், மிச்சத்தை வால்வுகளிடம் படித்துக்கொள்ளலாம். எண்ணிக்கையை அளவு குறைத்து அனுப்புவதால் ஸ்கேலர்.

தைரட்ரானின் குணம் தனி. ஒருமுறை பற்றிவிட்டால் கிரிட்டுக்கு அதன் மேல் அதிகாரமே இல்லை. பிளேட் வோல்ட்டேஜை இறக்கினால்தான் அணையும். அதனால் ஒன்று பற்றும்போது இடையிலுள்ள கண்டன்சர் வழியாக மற்றதன் பிளேட்டைக் கீழே இழுத்து அணைத்துவிடும்படி செய்தார்.

பத்துக்குப் பத்து என்று நேராகச் செய்தவர்களும் உண்டு. பென்சில்வேனியாவில் எக்கர்ட்டும் மாக்லியும் கட்டிய எனியாக் கணினியில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் பத்து ஃபிளிப் ஃபிளாப் (மேலே சொன்ன இருநிலைச் சர்க்யூட்) வட்டமாக நிற்கும். ஒன்று மட்டும் "ஆன்", பல்ஸ் வந்தால் அந்த ஆன் பக்கத்து வீட்டுக்கு நகரும். எண்ணைக் கூட்டிச் சேர்த்து வைக்கும் அக்யூமுலேட்டர் இருபது, ஒவ்வொன்றிலும் பத்து இலக்கம், இலக்கத்துக்குப் பத்து என்றால் அதற்கு மட்டுமே 2000 ஃபிளிப் ஃபிளாப். வினாடிக்கு 1,00,000 பல்ஸ். 1946 பிப்ரவரியில் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியபோது நியான்கள் தூரத்திலிருந்து தெரியவில்லை என்று டேபிள் டென்னிஸ் பந்துகளைப் பாதியாக அறுத்து, எண் எழுதி, மேலே கவிழ்த்து வைத்தார்கள்.

---

யாழ்_வானொலி எழுதியது:

எங்கட வீட்டில வால்வு றேடியோ ஒன்று இருந்தது. நிலையம் பிடிபடேக்க அதில ஒரு பச்சைக் கண் மெல்ல மூடும். இலங்கை வானொலி தெளிவா வந்தால் கண் ஒடுங்கி ஒரு கோடாய் வரும், அப்பா குமிழில இருந்து கையை எடுப்பார். அதுவும் இந்த நியான் இனந்தானோ?

---

பழைய_வால்வு எழுதியது:

இல்லை. நியானுக்குள் வாயு உண்டு, ஒளிர்வது அந்த வாயு. உங்கள் வீட்டுப் பச்சைக் கண்ணுக்குள் வெற்றிடம். ஹீட்டர் சூட்டில் கிளம்பும் எலக்ட்ரான்கள் பாஸ்பர் பூசிய தகட்டில் மோதிப் பச்சையாகத் தெரியும். நடுவில் ஒரு சிறு கம்பி, சிக்னலுக்குத் தகுந்தபடி எலக்ட்ரான்களைத் தள்ளி நிழல் விழச் செய்யும். நிழல் ஒடுங்கினால் நிலையம் சரி.

அந்த இனத்தில் எண்ணத் தெரிந்த ஒரு குழல் உண்டு, பிலிப்ஸின் இ1டி. உள்ளே ஒரு தட்டையான எலக்ட்ரான் கற்றை, பத்து இடங்களில் மட்டுமே நிலைத்து நிற்கும். ஒவ்வொரு பல்ஸுக்கும் அடுத்த இடத்துக்கு நகரும். குப்பியின் பக்கவாட்டில் 0 முதல் 9 வரை எண்கள், கற்றை எங்கே நிற்கிறதோ அதன் பக்கத்தில் பச்சையாக ஒரு கோடு. வினாடிக்கு 30,000 வரை எண்ணும்.

ஆனால் என் மனசு முழுக்க டெக்கட்ரான் என்ற வாயுக் குழலிடம்தான். பிரிட்டனில் எரிக்சன் டெலிபோன்ஸ் 1950ஐ ஒட்டிக் கொண்டுவந்தது. ஹீட்டரே இல்லை. தம்பியின் பெட்டியில் ஒரு வரிசைக்கு ஹீட்டருக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 1.2 ஆம்பியர், ஏழரை வாட் எரிகிறது. டெக்கட்ரானில் தொட்டால் இளஞ்சூடுகூட இராது. நடுவில் ஒரு வட்டத் தகடு நேர்முனை. சுற்றி முப்பது ஊசிகள். பத்து ஊசிகள் எண்களுக்கு, அவற்றின் இடையில் இரண்டிரண்டாக இருபது வழிகாட்டி ஊசிகள். ஏதோ ஓர் ஊசியின் நுனியில் ஆரஞ்சுப் பொட்டு நிற்கும். முதல் வழிகாட்டியைக் கீழே இழுத்தால் பொட்டு பக்கத்து வழிகாட்டிக்குத் தாவும், ஏனென்றால் பக்கத்து ஒளிர்வின் அயனிகள் அங்கே ஏற்கெனவே பரவியிருக்கின்றன, எட்ட இருக்கும் ஊசிகளில் இல்லை. இரண்டாவது வழிகாட்டியை இழுத்தால் அதற்கு. இரண்டையும் விட்டுவிட்டால் அடுத்த எண் ஊசிக்கு. வரிசையை மாற்றி இரண்டாவதை முதலில் இழுத்தால் பொட்டு பின்னோக்கி நடக்கும், கழித்தல் இலவசம்.

இங்கேதான் எனக்கு வியப்பு. தம்பியின் ஸ்கேலரில் எண்ணுவது வால்வு, நியான் வெறும் சாட்சி. நியானைப் பிடுங்கினாலும் எண்ணிக்கை போகாது. டெக்கட்ரானில் அந்தப் பொட்டேதான் எண்ணிக்கை. வேறெங்கும் அது எழுதப்பட்டில்லை. பொட்டு அணைந்தால் எண் தொலைந்தது.

வேகம் மட்டும் குறைவு, ஜிசி10பி வகையில் வினாடிக்கு 4000 அளவு. போதும். ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் 1951இல் டெக்கட்ரான்களை நினைவகமாக வைத்து ஒரு கணினியையே ஓட்டினார்கள். கைக்கணிப்பானோடு ஒருவர் அதனுடன் போட்டி போட்டு அரை மணி நேரம் ஈடுகொடுத்து, பிறகு களைத்து எழுந்தார். கணினி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு வுல்வர்ஹாம்டனில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 2012இல் பிளெட்ச்லி பார்க்கில் மறுபடி உயிர்ப்பித்தார்கள், இன்றைக்கும் அந்தப் பொட்டுகள் நகர்வதைப் பார்க்கலாம்.

---

மின்னல்_கோவை எழுதியது:

அப்ப நிக்சி கடிகாரத்துல இருக்கறது என்னங்க? அதுவும் ஆரஞ்சாத்தான் எரியுது.

---

ஈசிசி82 எழுதியது:

வாயு அதேதான், வேலை வேறு. நிக்சிக்கு எண்ணவே தெரியாது. எண் வடிவில் வளைத்த பத்துக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும், முன்னால் வலை மாதிரி ஒரு நேர்முனை. எந்தக் கம்பியைத் தரைக்கு இணைக்கிறோமோ அதன் மேல் ஒளி போர்த்தும். எந்த எண் என்பதை வெளியிலிருந்து ஒருவர் முடிவுசெய்து சொல்ல வேண்டும். பரோஸ் 1955இல் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பார்ப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல், இனி 1, 2, 4, 2 என்று கூட்ட வேண்டாம். நேராக எண்ணே தெரியும்.

உங்கள் கடிகாரத்தில் ரஷ்ய ஐஎன்-12 இருந்தால் 5ஐப் பாருங்கள், தலைகீழாகத் திருப்பிய 2. தனி அச்சு செய்யாமல் அதே கம்பியைத் திருப்பிவிட்டார்கள். அப்புறம், மணிநேரத்தின் பத்தாம் இடத்தில் 0, 1, 2 மட்டுமே எரிந்துகொண்டிருந்தால் எரியாத கம்பிகள் மேல் உலோகத் துகள் படிந்து, பிற்பாடு திட்டுத்திட்டாக எரியும். இரவில் ஒருமுறை எல்லா எண்களையும் சுழலவிடுங்கள்.

---

ஆய்வக_உதவி எழுதியது:

கிடைத்துவிட்டது. நான்காவது குப்பியின் பிளேட்டிலிருந்து இரண்டு கண்டன்சர்கள் கிளம்புகின்றன, இரண்டும் 47 பிகோ ஃபாரட் மைக்கா. மூன்றாவது குப்பிக்குப் போவது நன்றாக இருந்தது. இரண்டாவதற்குப் போவதன் கால், கிரிட் முனையில் பற்றவைத்த இடத்தில், லென்ஸ் வைத்துப் பார்த்தபோது காலைச் சுற்றி மயிரிழை அளவு கறுப்பு வளையம். டிரை சோல்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு. கண்ணுக்கு ஒட்டியிருப்பது போலவே தெரிந்தது, டூத்பிக்கால் தள்ளியபோது ஆடியது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, காலைச் சுரண்டிப் புதிதாகப் பற்றவைத்தேன்.

எட்டாவது பல்ஸில் இப்போது 2, 4, 2 மூன்றும் எரிகின்றன. பத்தாவதில் மொத்த வரிசையும் அணைந்து கீழ் வரிசையில் 1 எரிந்தது. அறையின் விளக்கை அணைத்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மெயின்ஸின் 50 ஹெர்ட்ஸைக் கொடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் ஓடவிட்டேன். 3000 வர வேண்டும். எந்திர எண்ணியில் 2, விளக்குகளில் 997, ஆக 2997. மூன்று குறைகிறது.

---

பழைய_வால்வு எழுதியது:

மூன்று பல்ஸ் என்றால் வினாடியில் பதினேழில் ஒரு பங்கு. சுவிட்சைத் தட்டிய உங்கள் விரலுக்கே அதைவிட அதிக நேரம் ஆகும், மெயின்ஸும் சரியாக 50இல் நிற்பதில்லை. பெட்டி சரியாகத்தான் எண்ணுகிறது. அந்த கைகர் குழாயும் அதே அலமாரியில் எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள். பிரவுன் நிற மரப்பெட்டியில் பஞ்சு சுற்றி வைப்பார்கள்.